கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்: பரிசோதனையும் ஆலோசனையும்

பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள், வருமுன் காக்கத்தக்கவற்றில் முதன்மையானது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயாகும். எனினும் 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 350,000 பெண்கள் இந்நோயால் மாண்டனர். அவர்களுள் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தோராவர். தடுக்கத்தக்கதொரு நோய் வறிய நாடுகளில் இத்துணை உயிர்களைக் கொள்வது ஏன்?

பாலுறவு வழியே தொற்றும் மனித பப்பிலோமா வைரசே இந்நோய்க்குக் காரணமாகும். தொற்றியோருட் பெரும்பாலாரிடத்து அது தானே மறைந்துவிடும். சிலரிடத்து நிலைத்து நின்று, கலங்களைப் படிப்படியாக மாற்றிப் புற்றாக முதிர்வதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். இந்நீண்ட இடைக்காலமே பரிசோதனைக்கு வாய்ப்பளிக்கின்றது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுமென்பதில்லை. தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் நிகழ்ந்த ஆய்வில், பயிற்சி பெற்ற தாதியர் நீர்த்த அசற்றிக்கமிலத்தைத் தடவி, வெண்ணிறமாக மாறும் பகுதிகளைக் கண்ணாற் கண்டறிந்தனர். 2007இல் வெளியான முடிவுகளின்படி, பரிசோதனை நடைபெறாத ஊர்களோடு ஒப்பிடுகையில் இந்நோயால் நேரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. இலங்கையிலும் 1996 முதல் சுகவனிதையர் நிலையங்கள் தோன்றி, 35 வயதடைந்த பெண்களை முதன்மையாகக் கருதி இலவசமாகப் பப் பரிசோதனை செய்து வந்துள்ளன.

ஆயினும் வசதி மாத்திரம் போதாது. நாணமும் அச்சமும் பெண்களைத் தடுக்கின்றன. ஆகவே, ஆலோசனை கூறுவோர் மூன்றினைத் தெளிவுறுத்தல் வேண்டும். முதலாவது, இப்பரிசோதனை நோயுற்றோர்க்கன்றி நலமுடனிருப்போர்க்கே உரியது. இரண்டாவது, கலங்களில் மாற்றம் உண்டெனும் முடிவு புற்றுநோய் உண்டெனும் தீர்ப்பன்று. எளிய சிகிச்சையால் நீக்கத்தக்க முன்னிலையையே அது பெரும்பாலும் குறிக்கும். மூன்றாவது, வைரசு பல்லாண்டுகள் வெளித்தோன்றாது உடலில் தங்கியிருக்கக்கூடும். ஆதலின் அதனைச் சான்றாகக் கொண்டு மனைவியினதோ கணவனதோ ஒழுக்கத்தை ஐயுறுதல் தகாது.

இம்மூன்றாவது செய்தியே பெரும்பாலும் சொல்லப்படாது விடப்படுவது. பழிக்கு அஞ்சி முடிவை மறைக்கும் பெண் சிகிச்சைக்கு மீண்டு வாராள். அவளுக்குச் செய்த பரிசோதனையும் பயனற்றுப்போம். எனவே முடிவு தனியிடத்தில், அவளது தாய்மொழியில், ஐயங்களை வினவ இடங்கொடுத்து அறிவிக்கப்படல் வேண்டும். வீடு தேடிச் செல்லும் மருத்துவ மாதின் பரிவான சொல், ஆய்வுகூடத்தின் நுணுக்குக்காட்டிக்கு இணையான கருவியேயாகும்.