சென்னை கேட்குது, திருச்சி கேட்கலை! டிஜிட்டல் ரேடியோவை எப்படிச் சோதித்து வாங்குவது?

‘‘என் தம்பி அமெரிக்காவில் வாங்கிய டிஜிட்டல் ரேடியோ ஒன்றை அப்பாவுக்காகக் கொண்டு வந்து கொடுத்தான். மேஜையில் வைக்கும் பெரிய செட். மீடியம் வேவில் ராத்திரி சென்னை தெளிவாக வருகிறது. பக்கத்தில் இருக்கும் திருச்சி மட்டும் கரகரவென்று, மூக்கடைத்தவர் பேசுவதுபோல் வருகிறது. அப்பா பல வருஷமாகத் திருச்சி வானொலியில் வேளாண் நிகழ்ச்சி கேட்பவர். செட்டில் கோளாறா, இல்லை திருச்சியில் ஒலிபரப்புச் சக்தியைக் குறைத்துவிட்டார்களா?’’

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருந்தார். கேள்வி-பதில் பக்கத்தில் நாலு வரியில் முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் அவர் வீட்டுக்கே போனேன். ஒப்பிட்டுப் பார்க்க, முள் நகரும் பழைய மரப்பெட்டி ரேடியோ ஒன்றையும் எடுத்துப் போயிருந்தேன். வாசகரின் அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார்: ‘‘பேசுது தம்பி. ஆனா என்ன பேசுதுன்னுதான் புரியலை.’’

செட்டில் கோளாறு இல்லை. திருச்சி ஒலிபரப்பிலும் இல்லை. செட்டின் திரையில் 940 என்று காட்டியது. ஒரு தட்டு தட்டினால் 930. திருச்சி வானொலியோ 936 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. அந்த எண்ணில் செட் நிற்கவே இல்லை!

காரணம் இதுதான். அமெரிக்கக் கண்டத்தில் மீடியம் வேவ் ஸ்டேஷன்களை 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைக்கிறார்கள். நம் நாட்டிலும், ஆசியாவின் மற்ற நாடுகளிலும், ஐரோப்பாவிலும் அந்த இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். பழைய ரேடியோவில் முள் எங்கு வேண்டுமானாலும் நிற்கும், எனவே இந்தச் சிக்கல் இல்லை. டிஜிட்டல் செட் படிக்கட்டு ஏறுவதுபோல ஒவ்வொரு படியாகத் தாவும். அமெரிக்காவில் விற்ற செட் 10 கிலோஹெர்ட்ஸ் படியில் தாவுகிறது. 720 என்பது 9-ஆலும் வகுபடும், 10-ஆலும் வகுபடும். அதனால் சென்னை 720 சரியாக மாட்டிக்கொண்டது. மதுரை 1269-க்கும் கோவை 999-க்கும் ஒரு கிலோஹெர்ட்ஸ்தான் தள்ளி நிற்கும், காது அதைப் பெரிதாகக் கண்டுபிடிக்காது. திருநெல்வேலி 1197-க்கு மூன்று தள்ளும். திருச்சிக்கு நான்கு. அங்குதான் குரல் நசுங்கிப் போனது.

இதைச் சரிசெய்யக் காசு செலவில்லை. பெரும்பாலான செட்டுகளில் 9, 10 என்று எழுதிய ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். செட்டின் முதுகில் அல்லது பேட்டரி போடும் பள்ளத்துக்குள் தேட வேண்டும். சிலவற்றில் செட்டை அணைத்துவிட்டு ஏதாவது ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும், அது கையேட்டில் இருக்கும். மாற்றியதும் ஏற்கெனவே நினைவில் வைத்த ஸ்டேஷன்கள் அழிந்துபோகலாம், மறுபடி பதிந்துகொள்ளுங்கள். வாசகர் வீட்டு செட்டில் சுவிட்ச் பேட்டரிகளுக்கு அடியில் ஒளிந்திருந்தது. தள்ளிவிட்டதும் 936 வந்தது, குரல் நிமிர்ந்தது. பெரியவர் பட்டன் 1-ல் திருச்சியைப் பதியச் சொன்னார். இனி அவர் எதையும் திருக வேண்டியதில்லை.

அமெரிக்க செட் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அடாப்டரில் ‘100-240’ என்று அச்சாகியிருந்தால் நேராகச் செருகலாம். ‘120’ என்று மட்டும் இருந்தால் செருகவே கூடாது, அடாப்டர் கருகிவிடும்.

பெட்டியில் எழுதியிருக்கும் ‘டிஜிட்டல்’

கடைக்காரர்கள் ‘டிஜிட்டல் ரேடியோ, அதனால் கொர்கொர் சத்தமே இருக்காது’ என்று சொல்லி விற்பதாகப் பல வாசகர்கள் எழுதுகிறார்கள். நம்ப வேண்டாம். இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, ஸ்டேஷன் எண்ணைத் திரையில் காட்டி, பட்டனால் பிடிக்கிற செட். கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி இதுதான். வருகிற அலை அதே பழைய ஏ.எம். அலை, அதில் இடியும் மோட்டாரும் முன்புபோலவே கலந்து வரும். இரண்டாவது, டி.ஆர்.எம். என்ற முறையில் ஒலிபரப்பே டிஜிட்டலாக வருவது. ஆகாசவாணி நாட்டின் பல மீடியம் வேவ் ஒலிபரப்பிகளில் இந்த வசதியைச் செய்திருக்கிறது. அதைக் கேட்க டி.ஆர்.எம். என்றே குறிப்பிட்டு விற்கும் தனி செட் வேண்டும், விலையும் கூடுதல். சாதாரண டிஜிட்டல் செட்டில் டி.ஆர்.எம். அலை விழுந்தால், பாத்திரத்தில் எண்ணெய் காய்வதுபோல் ஒரே சீரான இரைச்சல்தான் கேட்கும்.

சோதிக்க ஏற்ற நேரம் நடுப்பகல்

பலரும் ராத்திரியில் செட்டை வாங்கி வந்து, ‘எவ்வளவு ஸ்டேஷன் வருது பாரு!’ என்று மகிழ்ந்துபோகிறார்கள். மீடியம் வேவ் பகலில் தரையை ஒட்டித்தான் பயணம் செய்யும். மேலே போகும் அலையை வானத்தின் ஒரு மின்னூட்ட அடுக்கு பகல் முழுக்க விழுங்கிவிடும். சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு மறைய, அலை இன்னும் உயரத்தில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். அதனால் ராத்திரியில் எந்தச் சாதாரண செட்டும் பத்து ஸ்டேஷனைப் பிடிக்கும். அதை வைத்து செட்டை மெச்சக் கூடாது.

மதியம் 12 மணியிலிருந்து 2 மணிக்குள், உங்களுக்கு வேண்டிய அந்த ஒரு ஸ்டேஷன் எப்படி வருகிறது என்று பாருங்கள். பிறகு இரவு 7 மணிக்கு மேல் அதே ஸ்டேஷனை வையுங்கள். தூரத்து ஸ்டேஷன் ஏதாவது உள்ளே புகுந்து குழப்புகிறதா என்று தெரியும். டெல்டாவின் ஈர மண்ணில் தரையலை நல்ல தூரம் போகும். பாறையும் வறண்ட மண்ணுமான இடத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். கடைவீதியில் நன்றாக வந்த செட் உங்கள் கொல்லையில் திணறுவதும், அங்கே திணறியது இங்கே நன்றாக வருவதும் உண்டு. எனவே, ‘வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, சரியில்லை என்றால் திருப்பித் தருகிறேன்’ என்று பேசிவிட்டு வாங்குங்கள்.

செட்டைத் திருப்புங்கள், கம்பியை அல்ல

ஸ்டேஷன் சரியாக வராவிட்டால் எல்லோரும் முதலில் வெளியே நீட்டும் கம்பியைத்தான் ஆட்டுவார்கள். அது எஃப்.எம்.முக்கானது. மீடியம் வேவுக்கான ஏரியல் செட்டுக்குள்ளேயே படுத்திருக்கிறது: செம்புக் கம்பி சுற்றிய, விரல் பருமனுள்ள கருப்பு ஃபெரைட் தண்டு. பெரும்பாலும் செட்டின் நீளவாக்கில் இருக்கும். இந்தத் தண்டின் பக்கவாட்டு ஸ்டேஷனைப் பார்த்தால் ஒலி உச்சத்தில் இருக்கும். முனை ஸ்டேஷனைப் பார்த்தால் அடங்கிவிடும். கும்பகோணத்துக்குத் திருச்சி மேற்கே இருக்கிறது. ஆக, செட்டின் முகம் மேற்கையோ கிழக்கையோ பார்க்க வேண்டும். வாசகர் வீட்டில் அது வடக்கைப் பார்த்து அலமாரியில் இருந்தது. கால்வட்டம் திருப்பியதும் ஒலி எழுந்ததைப் பார்த்து, அவருடைய மனைவி ‘‘இவ்வளவுதானா!’’ என்றார்.

இதே குணத்தைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். பக்கத்து வீட்டிலிருந்து இரைச்சல் வருகிறது என்றால், தண்டின் முனை அந்த வீட்டைப் பார்க்கும்படி செட்டை மெல்லத் திருப்புங்கள். ஸ்டேஷன் கொஞ்சம் குறைந்தாலும் இரைச்சல் அதைவிட அதிகமாகக் குறையும் ஒரு கோணம் கிடைக்கும். வாங்கும்போது நீளமான செட்டாகப் பார்ப்பது நல்லது. தண்டு நீளமாக இருந்தால் தூரத்து ஸ்டேஷன் கூடுதலாகக் கிடைக்கும். உள்ளங்கை அளவு செட்டில் எவ்வளவு நல்ல சிப் இருந்தாலும் தண்டு குட்டைதான்.

வீட்டுக்குள் இருக்கும் எதிரிகள்

நாங்கள் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். செட்டைப் பேட்டரியில் ஓடவிட்டு, ஸ்டேஷனே இல்லாத ஓர் எண்ணில் வைத்தோம். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தோம். இரைச்சல் சட்டென்று விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். மின்விசிறி பரவாயில்லை. ஹாலில் இருந்த எல்.இ.டி. பல்பு ஒன்று ‘ஜ்ர்ர்’ என்றது; அடுத்த அறையில் இருந்த வேறு எல்.இ.டி. பல்பு வாயே திறக்கவில்லை. செல்போன் சார்ஜர் போட்டதும் திருச்சி பாதி மூழ்கியது. கடைசியில் ரேடியோவுக்கென்றே கொடுத்த அடாப்டரைச் செருகினோம், அதுவும் சேர்ந்து பாடியது!

இந்தச் சோதனையை அப்படியே உங்கள் வீட்டிலும் செய்யலாம். இன்வெர்ட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, சோலார் பம்ப் கன்ட்ரோலர் இவையெல்லாம் மீடியம் வேவுக்கு ஆகாதவை. சோலார் பம்ப் ஓடும் மதிய நேரத்தில் மோட்டார் கொட்டகையில் ரேடியோ கேட்க முடியாததற்கும் இதுதான் காரணம். இருபது, முப்பது அடி தள்ளி மரத்தடிக்குக் கொண்டுபோங்கள். எதை அணைத்தும் போகாத சடசடப்பு, தெருக் கம்பத்துப் பக்கம் போகப்போகக் கூடினால், கம்பத்தில் எங்கோ இணைப்பு தளர்ந்து பொறி அடிக்கலாம். மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நீங்கள் கிட்டப் போக வேண்டாம்.

மின்வேலி போட்டிருப்பவர்களுக்கு இதில் ஒரு லாபமும் இருக்கிறது. முறையான சோலார் வேலிக் கருவி ஏறக்குறைய நொடிக்கு ஒரு துடிப்பு விடும். புல் தொடும் இடத்திலோ, இன்சுலேட்டர் விரிசல் விட்ட இடத்திலோ பொறி அடித்தால் ஏ.எம். ரேடியோவில் ‘டக் டக்’ என்று கேட்கும். ஸ்டேஷன் இல்லாத எண்ணில் வைத்து வேலியோரமாக, கம்பியைத் தொடாமல் நடந்தால், சத்தம் உச்சமாகும் இடத்தில்தான் கசிவு. (நேரடி கரன்ட்டை வேலியில் விடுபவர்களுக்கு நாம் சொல்ல எதுவும் இல்லை. அது குற்றம், கொலைக்கும் சமம்.)

மின்னலையும் இது காட்டிக்கொடுக்கும். கோடை மழைக் காலத்தில் ரேடியோவில் ‘சடார் சடார்’ என்று வெட்டுச் சத்தம் நெருக்கமாக வர ஆரம்பித்தால், இடி காதில் விழும் முன்னரே மேகம் கூடுகிறது என்று அர்த்தம். வயலில் இருந்தால் வீடு திரும்புங்கள், மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து இறங்கலாம். ரேடியோ சும்மா இருக்கிறது என்பதற்காக மின்னல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

ஒலி: பாட்டை வைத்துச் சோதிக்காதீர்கள்

கடையில் எப்போதும் எஃப்.எம்.மில் பாட்டுப் போட்டுத்தான் காட்டுவார்கள். ‘பாஸ்’ தூக்கலாக இருந்தால் செட் பிரமாதம் என்று தோன்றும். நமக்கு வேண்டியது பேச்சு. ஏ.எம்.மில் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்குள் அடங்க வேண்டியிருப்பதால், ஒலியின் மேல்பகுதி ஏறக்குறைய நாலரை கிலோஹெர்ட்ஸோடு வெட்டுப்படும். முதலில் அடிபடுவது ‘ஸ’, ‘ஷ’, ‘ஃப’ ஒலிகள். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, சூடோமோனாஸ்... நம் நிகழ்ச்சிகளில் வரும் பெயர்களெல்லாம் அந்த ஒலிகளால் நிறைந்தவை! ‘எழுநூறு’, ‘எண்ணூறு’ என்ற அளவுகளும் மங்கிய ஒலியில் ஒன்றுபோலக் கேட்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு மருந்து என்பதைத் தப்பாகக் கேட்டால் பயிர்தான் பதில் சொல்லும்.

அதனால், செய்தியோ வேளாண் உரையோ போகும்போது செட்டை வைத்துவிட்டு, பதினைந்தடி தள்ளிப் போய் நில்லுங்கள். காதில் விழும் எண்களையும் பெயர்களையும் தாளில் எழுதுங்கள். வீட்டில் வயதானவர் கேட்கப்போகும் செட் என்றால் அவரையே சொல்லச் சொல்லுங்கள். டோன் மாற்றும் பட்டன் இருந்தால் ‘நியூஸ்’ என்பதில் வையுங்கள், பாஸைக் குறையுங்கள். சில டிஜிட்டல் செட்டுகளில் அலை அகலத்தை மாற்ற வசதி இருக்கும். பகலில் 4 அல்லது 6 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் குரல் துலங்கும். இரவில் பக்கத்து ஸ்டேஷன் தொந்தரவு செய்தால் 3 அல்லது 2-க்குக் குறைக்கலாம், ஆனால் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும்.

இரண்டு செட்டையும் அருகருகே வைத்து மதியம் கேட்டோம். உள்ளதைச் சொல்ல வேண்டும்: பேச்சின் இதம் பழைய மரப்பெட்டியில்தான். பெரிய ஸ்பீக்கர், அதிராத பெட்டி. ஸ்டேஷன் விலகாமல் நிற்பதிலும், ஒரே பட்டனில் வருவதிலும் டிஜிட்டல் செட் ஜெயித்தது. நல்ல நிலையில் பழைய செட் வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ரேடியோவை இவ்வளவு நோண்ட வேண்டுமா, செல்போன் இல்லையா என்று இளைஞர்கள் கேட்கலாம். 1939-ல் தொடங்கிய திருச்சி நிலையம் பரப்பிய ஆடுதுறை 27 ரகத்தை, 1960-களில் தஞ்சை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். அது பழைய கதை என்றால், 2018 நவம்பர் 16-ல் கரை கடந்த கஜா புயலை டெல்டாவில் யாரும் மறந்திருக்க முடியாது. பல ஊர்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை, செல்போன் கோபுரமும் இல்லை. அதனால் பேட்டரி போடும் இடம் இல்லாத மேஜை ரேடியோவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஊர்க் கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரி பொருந்தும் செட்டாக இருப்பது இன்னும் நல்லது.

இதே விஷயமாக வந்த இன்னும் இரண்டு கேள்விகள்:

‘‘கான்கிரீட் வீட்டுக்குள் சுத்தமாக எடுக்கவில்லை. வெளியே எடுக்கிறது. என்ன செய்யலாம்?’’

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் அலையைத் தடுக்கின்றன. தகரக் கூரையும் அப்படித்தான். செட்டை ஜன்னலோரம் கொண்டுபோங்கள். போதவில்லை என்றால், இரண்டடி சதுர மரச்சட்டத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட வயரை ஒன்பது, பத்து சுற்று சுற்றி, இரு முனைகளையும் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கேங் கண்டன்சரில் இணையுங்கள். ரேடியோ மெக்கானிக் அரை மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார். இதை செட்டோடு இணைக்கத் தேவையில்லை. பக்கத்தில் நிறுத்தி, கண்டன்சரைத் திருகினால் ஒரு இடத்தில் ஒலி பொங்கி எழும்.

‘‘ஃபிரிட்ஜ் மேல் வைக்கலாமா? கைக்கு எட்டும் இடம் அதுதான்.’’

வேண்டாம். தகரப் பெட்டி தண்டின் வேலையைக் கெடுக்கும். கம்ப்ரஸர் ஓடும்போதும் நிற்கும்போதும் ‘டப்’ என்று அடிக்கும். இரும்பு பீரோவுக்கும் இதே பதில். ஜன்னல் பக்கம் ஒரு மரப்பலகை அடித்து, அதில் செட்டைத் திருப்பி வைக்க இடம் விட்டு வையுங்கள்.