தொடக்க உதையில் விதிமீறல்: நடுவர்கள் கண்டுகொள்ளாதது ஏன்?

கால்பந்தாட்டத்தில் 'கிக் ஆஃப்' எனப்படும் தொடக்க உதையின்போது, பந்து உதைக்கப்படும் முன்பே ஓரிரு ஆட்டக்காரர்கள் மையக் கோட்டைத் தாண்டி ஓடத் தொடங்குவது ஏறக்குறைய எல்லா மட்டங்களிலும் காணப்படும் ஒன்று. இது விதிமீறல் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் நடுவர்கள் பெரும்பாலும் ஆட்டத்தை நிறுத்துவதில்லை.

கால்பந்து விதிகளில் 8ஆவது விதி தொடக்க உதை பற்றியது. பந்து மையப் புள்ளியில் அசையாமல் இருக்க வேண்டும், நடுவர் சைகை தர வேண்டும், உதைப்பவரைத் தவிர மற்ற அனைவரும் தத்தமது பாதியில் நிற்க வேண்டும், எதிரணியினர் பந்திலிருந்து குறைந்தது 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று அது கூறுகிறது. மைய வட்டத்தின் ஆரமும் அதே 9.15 மீட்டர்தான்.

இவற்றை மீறினால் கிடைப்பது தண்டனை அல்ல. உதையை மீண்டும் எடுக்க வேண்டும், அவ்வளவே. தவறு செய்தது உதைத்த அணியாக இருந்தாலும் பந்து அவர்களிடமிருந்து பறிக்கப்படுவதில்லை. எனவே அரை மீட்டர் முந்திக்கொண்ட ஒருவருக்காக விசில் ஊதுவதால் யாருக்கும் நீதி கிடைப்பதில்லை, நேரம்தான் வீணாகிறது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உதைத்தவரே, வேறொருவர் பந்தைத் தொடுவதற்கு முன் அதை மீண்டும் தொட்டால், எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் வழங்கப்படும். அங்கே பந்து கைமாறுகிறது என்பதால் நடுவர்கள் அதை எளிதில் விட்டுவிடுவதில்லை.

மற்ற மீறல்களில் நடுவர் எடைபோடுவது ஒன்றைத்தான்: முந்தியவருக்கு அதனால் ஆதாயம் கிடைத்ததா? பந்து பின்னோக்கித் தட்டப்பட்டால், மையக் கோட்டைத் தாண்டி நின்ற ஓரத் தாக்குதல் வீரரால் யாருக்கும் பாதிப்பில்லை. அதே பந்து நீளமாக அவரை நோக்கியே உதைக்கப்பட்டால் நிலைமை வேறு. எதிரணி வீரர் வட்டத்துக்குள் முன்கூட்டியே புகுந்து பந்தைத் தடுத்தாலும் அப்படித்தான். இம்முடிவு ஓரிரு விநாடிகளுக்குள் எடுக்கப்பட வேண்டும். ஆட்டம் வளர்ந்து கோலும் விழுந்த பின்னர் பின்னோக்கிச் செல்வது பெரும் சர்ச்சையில் முடியும். இதனால்தான் அனுபவமுள்ள நடுவர்கள் விசிலுக்கு முன்பே இருபுறமும் பார்த்து, கையசைத்து ஆட்டக்காரர்களைப் பின்னுக்கு அனுப்புகிறார்கள்.

சிறிய குறைகள் அனைத்தையும் விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருளல்ல. 1974 ஜூலை 7 அன்று மியூனிக்கில் நெதர்லாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதிய உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், மூலைக் கொடிகள் இல்லாததைக் கவனித்த இங்கிலாந்து நடுவர் ஜாக் டெய்லர், அவை நடப்படும் வரை தொடக்க உதையை நிறுத்திவைத்தார். பந்து உதைக்கப்படும் முன் கண்டிப்பாக இருப்பதால் ஆட்டத்தின் ஓட்டம் தடைபடுவதில்லை.

நடுவர்களின் பெருந்தன்மை சில வேளைகளில் விதியாகவும் மாறியிருக்கிறது. தொடக்க உதை முன்னோக்கியே செல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு 2016ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. ஆனால் பந்தைப் பின்னோக்கி உதைப்பவர் எதிரணியின் பாதியில் கால் வைத்தே ஆக வேண்டும். அனைவரும் சொந்தப் பாதியில் நிற்க வேண்டும் என்ற வாசகமோ அப்படியே இருந்தது. எழுத்துப்படி பார்த்தால் அத்தகைய உதை ஒவ்வொன்றும் விதிமீறல். மறு ஆண்டே, விதிகளை வகுக்கும் சர்வதேச கால்பந்துச் சங்க வாரியம் உதைப்பவருக்கு மட்டும் விலக்கு அளித்தது.

பெனால்டி உதையிலும் 2024ஆம் ஆண்டு இதேபோன்ற மாற்றம் வந்தது. முன்கூட்டியே எல்லைக்குள் நுழையும் ஆட்டக்காரரின் செயல் ஆட்டத்தைப் பாதித்தால் மட்டுமே நடவடிக்கை என்று அப்போது விதியிலேயே எழுதப்பட்டது. தொடக்க உதைக்கு அத்தகைய வாசகம் சேர்க்கப்படவில்லை. அங்கே அது இன்னமும் நடுவரின் கணிப்புக்கே விடப்பட்டுள்ளது.