வில்லனே இல்லாத ஹாக்கி காதல் கதை: 'செக், ப்ளீஸ்!' ஏன் படிக்கணும்?

இந்தக் கதையை ஒரு ஃப்ரெண்ட்கிட்ட சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "சரி, இதுல வில்லன் யாரு?"ன்னான். வில்லனே இல்லைடான்னேன். "அப்புறம் எதுக்குப் படிக்கணும்?" அதுக்கான பதில்தான் இந்த எபிசோடு. கொஞ்சம் ஸ்பாய்லர் இருக்கு, இப்பவே சொல்லிடறேன்.

'செக், ப்ளீஸ்!' இங்கோஸி உகாஸு எழுதி வரைந்த வெப்காமிக். 2013-ல இணையத்துல ஆரம்பிச்சது, 2018-லயும் 2020-லயும் ரெண்டு புத்தகமா வந்தது. இதுல வர்றது ஐஸ் ஹாக்கி. பனித்தளத்துல ஸ்கேட்ஸ் போட்டுக்கிட்டு ஆடற ஆட்டம்.

ஹீரோ எரிக் பிட்டில், எல்லாருக்கும் 'பிட்டி'. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துப் பையன், கே. முன்னாடி ஃபிகர் ஸ்கேட்டிங் பண்ணினவன், ஆப்பிள் பை சுடறதுல கில்லாடி. சாம்வெல்ங்கிற கற்பனைக் கல்லூரியோட ஹாக்கி டீம்ல சேர்றான். ஸ்கேட்டிங்ல வேகம் பிரமாதம். ஒரே சிக்கல், 'செக்'.

செக்னா என்ன? 'பக்' வெச்சிருக்கிற எதிராளியை உடம்பால மோதித் தள்றது. ஆண்கள் ஆட்டத்துல அது விதிப்படி சரி. ஆனா யாராவது மோத வந்தாலே பிட்டி பயத்துல சுருண்டுடுவான். மோதலுக்குப் பயப்படற ஹாக்கி வீரர்! கேப்டன் ஜாக் ஸிம்மர்மன் முதல்ல அவன்கிட்ட சிடுசிடுன்னுதான் இருக்கார். அப்புறம் அவரே விடியற்காலையில எழுப்பிக் கூட்டிட்டுப்போய், மோதலைத் தாங்கப் பழக்கறார். ஜாக்குக்கும் ஒரு பின்கதை உண்டு: பிரபல வீரரோட பையன், அந்த எதிர்பார்ப்போட பாரம், பதட்டம், மாத்திரை அளவுமீறிப் போன ஒரு சம்பவம். இவங்களுக்குள்ள காதல் ரொம்ப மெதுவா வருது.

நடுவுல ஒரு காட்சி. தான் கேன்னு டீம்ல ஒருத்தர்கிட்ட பிட்டி முதல் தடவையா சொல்றான். சொல்றதுக்கு முன்னாடி அவனுக்கு அவ்ளோ நடுக்கம். சொன்னதுக்கு அப்புறம்? நட்பு அப்படியே இருக்கு. பெரிய சண்டை இல்லை, துரோகம் இல்லை. ரத்த உறவு இல்லாம, நாமளே சேர்த்துக்கிட்ட இந்த மாதிரி குடும்பத்தைத்தான் 'ஃபவுண்ட் ஃபேமிலி'ங்கறாங்க. வீட்டுல அப்பா அம்மாகிட்ட சொல்ல முடியாததை, பிட்டி இவங்ககிட்ட சொல்ல முடியுது.

இப்போ நிஜத்தைப் பாருங்க. என்.எச்.எல். லீக் தொடங்கினது 1917-ல. அந்த லீக்ல ஒப்பந்தம் இருக்கிற ஒரு வீரர் தான் கேன்னு முதல் தடவையா வெளிப்படையா சொன்னது 2021 ஜூலையில: லூக் ப்ரோகாப், அப்போ 19 வயசு. நூறு வருஷத்துக்கு மேல! 2023-ல, வார்ம்-அப்ல வானவில் நிற ஜெர்சி மாதிரி சிறப்பு ஜெர்சிகள் இனி வேண்டாம்னு லீக் முடிவெடுத்தது. மட்டையில வானவில் டேப் சுத்தறதுக்கும் அந்த வருஷம் தடை போட்டு, எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கினாங்க.

இந்தப் பின்னணியில அந்தக் காட்சியைத் திரும்பப் படிச்சா, 'ஒண்ணுமே நடக்கலையே'ன்னு தோணாது. ஒண்ணும் நடக்காததுதான் அங்க நடந்த விஷயம். வில்லன் எங்கேன்னு கேட்டா, அந்த நடுக்கம்தான் வில்லன். யாரும் அடிக்காமலே அடிபடற மாதிரி ஒரு பயம். பின்னாடி ஜாக் ப்ரொஃபஷனல் வீரர் ஆனதும், ரெண்டு பேரும் காதலை மறைச்சு வைக்கறாங்க. அந்த மறைப்பு அவங்களைச் சோர்வாக்குது. எதிரின்னு ஒரு ஆளே இல்லாமலும் வலிக்கும்னு கதை அங்க காட்டுது.

எனக்கு இதுல பிடிச்சது ஒண்ணு. ஒருத்தர் மனசு விட்டுப் பேசறதுக்கு ரொம்ப முன்னாடியே, நம்ம எந்த ஜோக்குக்குச் சிரிக்கிறோம்னு கவனிச்சுக்கிட்டு இருப்பார். திங்கட்கிழமை காலையில "வீக்கெண்ட் யார்கூட போன?"ன்னு சாதாரணமா கேக்கறோம். அதுக்கு ஒருத்தர் பொய் சொல்லணுமா, உண்மையைச் சொல்லலாமாங்கறதை நம்ம டீம்தான் தீர்மானிக்குது.

படிச்சுட்டு எப்படி இருந்ததுன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!