நர்ஸ் ஆகாமலும் மேலே போகலாம்

தென்காசி, குற்றாலம் பக்கம் தனியார் ஆஸ்பத்திரிகளில் நர்சிங் உதவியாளராக இருக்கும் பெண்களையும் நாம் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறோம். ஆனால் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய அந்த அனுபவம் போதாது. ஜி.என்.எம். படிக்கணும்னா 3 வருஷம். சம்பளத்தை விட்டுட்டு எத்தனை பேரால் முடியும்?

வேறு என்ன வழி என்று கொஞ்சம் நோண்டினேன் (நான் கம்ப்யூட்டர் ஆள்தான்). எனக்குப் பொருத்தமாகப் பட்டது டயாலிசிஸ் டெக்னீசியன். அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே ஒரு வருடச் சான்றிதழ் படிப்பு உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரம் 2, 3 தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யணும். நடுவில் பிரஷர் சட்டென்று இறங்கலாம். நோயாளி முகம் வாடுவதைப் பார்த்ததுமே உஷாராகும் பழக்கம் நல்ல உதவியாளருக்கு ஏற்கெனவே இருக்கும், மெஷின்தான் புதுசு.

தியேட்டர் டெக்னீசியன், டி.எம்.எல்.டி. எல்லாம் கூட இருக்கு. லேபுக்குப் போனால் நோயாளியோடு பழக்கம் குறைஞ்சிடும், அது சிலருக்குப் பிடிக்காது.

சிக்கல் என்னன்னா, பெரும்பாலும் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு கேட்பார்கள். இந்தப் படிப்புகளை முறைப்படுத்த 2021-ல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டிருக்கு. அதனால் பீஸ் கட்டும் முன், சான்றிதழ் யார் பெயரில் வரும் என்று கேளுங்க. மழுப்பினால் வெளியே வந்துடுங்க.