பணிச்சோர்வும் மனவிழிப்புப் பயிற்சியும்

பணிச்சோர்வு என்பது பணியிடத்தில் நெடுங்காலம் தணியாதிருக்கும் மன அழுத்தத்தால் விளையும் நிலை ஆகும். ஆங்கிலத்தில் இது பர்ன் அவுட் எனப்படுகிறது. இதிலிருந்து மீளக் கையாளப்படும் வழிகளுள் மனவிழிப்புப் பயிற்சியும் ஒன்று.

வரலாறு

உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், நியூயார்க்கில் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் பணியாற்றியோரிடம் இந்நிலையைக் கண்டு, 1974 இல் கட்டுரை வெளியிட்டார். மிகுந்த ஈடுபாட்டுடன் உழைத்தோரே இதற்கு எளிதில் ஆளாயினர் என்பது அவர் கருத்து. 2019 இல் ஏற்கப்பட்ட உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு (11 ஆம் பதிப்பு) இதை நோயாக அன்றி, தொழில்சார் நிகழ்வாகவே குறிப்பிடுகிறது.

அறிகுறிகள்

* ஆற்றல் வற்றிய களைப்பு
* பணியின் மீது விலகல் அல்லது வெறுப்பு
* செயல்திறன் குறைதல்

மனவிழிப்பு

நிகழ்கணத்தில் எழும் எண்ணங்களையும் உடலுணர்வுகளையும், நன்று தீது என மதிப்பிடாமல் கவனித்தலே மனவிழிப்பு ஆகும். இது பௌத்த தியான மரபில் தோன்றியது. ஜான் கபாட்-சின் 1979 இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இதனை 8 வாரப் பயிற்சியாக வகுத்தார். மூச்சைக் கவனித்தல், உடலைப் பகுதி பகுதியாகக் கவனித்தல், எளிய யோகாசனங்கள் ஆகியன இதில் அடங்கும்.

களைப்பையும் எரிச்சலையும் தொடக்கத்திலேயே உணர இப்பயிற்சி உதவக்கூடும். எப்பணி மனநிறைவு தருகிறது, எதை மறுக்கவேண்டும் என்பதை நிதானமாக எண்ணிப் பார்க்கவும் இடம் கிடைக்கிறது.

வரம்புகள்

பணிச்சுமை, தன் பணியின் மீதான கட்டுப்பாடு, வெகுமதி, சக பணியாளர் உறவு, நியாயம், விழுமியங்கள் ஆகிய ஆறிலும் ஏற்படும் பொருத்தமின்மையே பணிச்சோர்வுக்குக் காரணம் என கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் ஆகியோர் விளக்கினர். இவற்றைத் தனிமனிதரின் தியானம் மாற்றிவிடாது. எனவே பணிச்சூழலைச் சீராக்குவதும் இன்றியமையாதது. மனச்சோர்வு நோயின் அறிகுறிகள் தென்பட்டால் மருத்துவரை நாடவேண்டும்.