மறுபட்டம் கேட்காமல் சேர்ந்த சபைகள்

ஒரு காலத்தில் நாகர்கோவில் கிறிஸ்தவர் என்றால் பெரும்பாலும் லண்டன் மிஷன்காரர். பாளையங்கோட்டை என்றால் ஆங்கிலிக்கன், மதுரை என்றால் அமெரிக்கன் மிஷன். எந்த வட்டாரத்தில் எந்த மிஷன் காலூன்றியதோ, அதுவே அந்த மக்களின் சபை ஆயிற்று. பிழைப்புக்காக ஊர் மாறினால் புது ஊர் ஆலயத்தில் திருவிருந்து கிடைக்குமா என்பதே சந்தேகம். எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு இங்கே பந்தி பிரிந்து கிடந்தது.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய 33 போதகர்களை உறுத்தியது இதுதான். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். இந்தப் பிரிவினைகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல என்று அவர்கள் வெளிப்படையாக அறிக்கை விட்டார்கள்.

ஆனால் சேர்வதற்கு 28 ஆண்டுகள் பிடித்தன. சிக்கல் குருப்பட்டத்தில் இருந்தது. பேராயர் தலையில் கைவைத்து அபிஷேகம் செய்தால்தான் குருவானவர் என்பது ஆங்கிலிக்கன் முறை. சேர முன்வந்த காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட் சபைகளுக்கு இங்கே பேராயரே கிடையாது. அந்தச் சபைகளின் போதகர்களை மறுபடி பட்டம் பெறச் சொன்னால், அதுவரை அவர்கள் கொடுத்த திருவிருந்தெல்லாம் செல்லாது என்று ஆகிவிடாதா?

கண்ட வழி எளிது, அதற்கு வேண்டிய மனசுதான் பெரிது. ஏற்கெனவே போதகராக இருப்பவரை அப்படியே ஏற்பது, இனி வருபவர்களுக்குப் பேராயரே பட்டம் கொடுப்பது, எந்தச் சபையின் மனசாட்சிக்கும் ஒவ்வாத போதகரை அங்கே திணிக்காமல் இருப்பது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை, நாம் சொல்லும் சி.எஸ்.ஐ., பிறந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 புத்தாண்டு அன்றே மறைந்துவிட்டார்.

எல்லாரும் வந்துவிடவில்லை. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் பலர் ஒதுங்கினார்கள். தரங்கம்பாடியில் வேர்விட்ட லுத்தரன் சபை இன்றும் தனிதான். அது எனக்கு வருத்தமே.

சேர்ந்த திருச்சபைக்கென்று 1950இல் வந்த புதிய ஆராதனை முறையில் ‘சமாதானம்’ கொடுக்கும் வழக்கம் சேர்ந்தது. கொடுப்பவர் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையில் வைக்க, இருவரும் இடது கையால் அதை மூடுவார்கள். திருவிருந்து மேசையிலிருந்து கிளம்பும் அந்தக் கை, வரிசை வரிசையாகக் கடைசி பெஞ்சு வரை போகும்.