எந்தத் துறையில் இறங்குவது?

துறை என்றால் ஆற்றில் இறங்கும் இடம் என்பது பழைய பொருள். படிப்புக்கும் அதே சொல்லை வைத்தது, ஆழம் பார்த்து இறங்கு என்று சொல்லாமல் சொன்னது போல் எனக்குப் படும். மாதுங்காவில் பித்தளைப் பாத்திரம் விற்கிறவனுக்குக் கல்லூரியைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்கலாம். பட்டதுதான் தகுதி.

2009-இல் என் மகன் மும்பையில் 12-ஆம் வகுப்பு முடித்தான். உலோகவியல் படிக்க ஆசை. செம்பில் துத்தநாகம் சேர்ந்தால் மஞ்சள் ஏறுவது ஏன், அடிக்க அடிக்கத் தகடு கெட்டிப்படுவது ஏன், காய்ச்சினால் மறுபடி இளகுவது ஏன் என்று கடையில் உட்கார்ந்தே கேட்பான். திருச்சி என்.ஐ.டி.யில் அந்தத் துறை உண்டு. நாம்தான் வந்தவாசிப் பக்கத்து ஆட்களாயிற்றே, தமிழ்நாட்டுக்காரனுக்கு அங்கே பாதி இடம் என்று நான் தெம்பாக இருந்தேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தாருக்கு என்பது உண்மை. ஆனால் மாநிலத்தை முடிவு செய்வது பூர்வீக ஊர் அல்ல, 12-ஆம் வகுப்பு தேறிய இடம். இன்றும் அதுவே விதி. அந்தக் கணக்கில் என் பிள்ளை மகாராஷ்டிரக்காரன். சொந்த மாநில இடம் அவனுக்கு நாக்பூரில்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கதை வேறு. வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும் நேட்டிவிட்டி சர்டிபிகேட் இருந்தால் நாம் தமிழ்நாட்டுக்காரரே. 2007 முதல் நுழைவுத்தேர்வும் கிடையாது. கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியலுக்கு 50, 50 என்று 200-க்குக் கட் ஆஃப். கோவையிலும் சேலத்திலும் உலோகவியல் இருந்தது. சான்றிதழ்தான் இல்லை. தாத்தா பெயரில் இருந்த பட்டாவைத் தேடி எடுத்து, தாசில்தார் ஆபீசுக்கு நடந்து முடிப்பதற்குள் தேதி போய்விட்டது.

நாக்பூருக்காவது முயன்றிருக்கலாம். "நாக்பூர்ல நமக்கு யாரு இருக்கா?" என்று நான் கேட்ட ஒரு கேள்வியில் அதுவும் போயிற்று. சொந்தக்காரர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் என்றார்கள். பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்த்தேன். சரக்கைத் தட்டிப் பார்த்து, நிறுத்து வாங்குகிறவன், கட்டடத்தையும் பஸ் வசதியையும் பார்த்து மகன் படிப்பை வாங்கினேன். பாடத்திட்டத்தை ஒரு தடவை புரட்டவில்லை, ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்க்கவில்லை.

வெளிமாநிலத்தில் இருக்கும் நாம் பிள்ளை எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். ஊரிலிருந்து சான்றிதழை வாங்கி வைப்பது ஒன்று. பிளஸ் டூவை மட்டும் பாட்டி வீட்டில் இருந்து படிக்கட்டும் என்று அனுப்புவோர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மகாராஷ்டிர அரசு ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கேட்க, 10, 12 இரண்டையும் அங்கேயே முடித்திருக்க வேண்டும் என்பதே பொதுவான விதி. ஐ.ஐ.டி.க்கு இந்த மாநிலத் தொல்லை கிடையாது. டில்லிப் பல்கலைக்கழகத்துக்கும் 2022 முதல் சி.யு.இ.டி. தேர்வு மதிப்பெண்தான் பேசுகிறது.

மகன் இப்போது பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். குறை ஒன்றும் சொல்ல மாட்டான். தீபாவளிக்கு வந்தால் முதலில் கடைக்குப் போய், புதுச் சொம்பு ஒன்றைச் சுண்டி ஓசை கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான்.